உள்ளரங்க அமெரிக்கக் கால்பந்தை நம்பி வேலையை விடலாமா?

திருநகர் மாமா:
வணக்கம். என் அக்கா மகன் அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவன். கல்லூரி அணியில் வைட் ரிசீவராக, அதாவது குவார்ட்டர்பேக் எறியும் பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பவனாக ஆடியவன். இப்போது ஓர் உள்ளரங்க அணி அவனைத் தேர்வுக்கு அழைத்திருக்கிறது. கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் கிடைத்த வேலையை விட்டுவிட்டுப் போவதாகச் சொல்கிறான். அக்கா மதுரைக்குப் போன் போட்டு, "தாய்மாமன் நீ சொன்னால்தான் கேட்பான்" என்று அழுகிறாள். டிவியில் வரும் என்எஃப்எல், அதாவது அமெரிக்கக் கால்பந்தின் முதன்மை லீக் ஆட்டமும் இதுவும் ஒன்றா? இதில் எத்தனை ஆண்டு தாக்குப்பிடிக்க முடியும்?

உசிலை வாசி:
இரண்டும் ஒன்றல்ல. நான் அயோவாவில் ஆறு ஆண்டுகள் இருந்தபோது டி மாய்ன் நகரில் பார்ன்ஸ்டார்மர்ஸ் என்ற உள்ளரங்க அணியின் ஆட்டங்களைப் பார்த்திருக்கிறேன். 1981இல் ஓர் உள்ளரங்கப் பந்தாட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஜிம் ஃபாஸ்டர் கையிலிருந்த கடித உறையின் மேல் வரைந்து பார்த்த யோசனைதான், 1987இல் அரீனா ஃபுட்பால் லீக் ஆனது. ஐஸ் ஹாக்கி அரங்கத்துக்குள் அடங்கவேண்டும் என்பதால் ஆடுகளத்தின் நீளம் 50 கெஜம், அகலம் 85 அடிதான்; என்எஃப்எல் களம் 100 கெஜ நீளமும் 160 அடி அகலமும் கொண்டது. அங்கே அணிக்கு 11 பேர், இங்கே 8 பேர்.

ரிசீவருக்கு இதில் ஒரு சலுகை உண்டு. ஆட்டத்தைத் தொடங்கப் பந்து கைமாறுவதற்கு முன்பே அவர் எதிரணியை நோக்கி ஓடத் தொடங்கலாம். என்எஃப்எல்லில் அப்படி முன்னோக்கி ஓடக்கூடாது. ஆனால் எல்லைக்கோடு இருக்கவேண்டிய இடத்தில் பஞ்சு வைத்த பலகைச் சுவர் நிற்கிறது. ஒரு முறை ஒருவர் அண்ணாந்து பந்தைப் பிடித்த கையோடு அந்தச் சுவரில் இடுப்பு மோதி, தலைகுப்புற முதல் வரிசையில் விழுந்தார். என் பக்கத்திலிருந்தவரின் பாப்கார்ன் முழுக்க அவர் ஹெல்மெட்டின் மேல்தான் கொட்டியது. பந்தை மட்டும் அவர் விடவில்லை.

மேலூர் கபடி:
நான் மண் தரையில் ஆடிப் பழகி, பிறகு மேட் விரிப்புக்கு மாறியவன் என்பதால் சொல்கிறேன்: களம் மாறினால் ஆட்டக்காரனின் கணக்கும் மாறிவிடும். சின்னக் களத்தில் டச்டவுன்கள், அதாவது எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்த்து எடுக்கும் புள்ளிகள், குவியும். அந்த எண்ணிக்கையை மட்டும் பார்த்து என்எஃப்எல் அணிகள் ஆளெடுப்பதில்லை. மேலே போனவர்களும் உண்டு. கர்ட் வார்னர் பலசரக்குக் கடையில் அலமாரி அடுக்கிய பிறகு பார்ன்ஸ்டார்மர்ஸுக்கு ஆடி, 1999இல் என்எஃப்எல்லின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். ஆனால் அவர் எறிபவர், பிடிப்பவர் அல்லர். ரிசீவர்களில் ஆன்டோனியோ சாட்மன் அரீனாவிலிருந்து 2003இல் என்எஃப்எல் அணியான கிரீன் பே பேக்கர்ஸுக்குப் போனார். இவர்களை வைத்து மருமகனின் எதிர்காலத்தைக் கணக்கிடாதீர்கள்.

என்னைக் கேட்டால், காயத்தைவிட லீக்கே மூடப்படுவதுதான் பெரிய ஆபத்து. அரீனா லீக் 2009 பருவத்தை நடத்தாமலேயே கைவிட்டது; 2010இல் மீண்டு வந்து, 2019இல் மறுபடியும் திவாலானது. நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர்களும் அன்று வீட்டுக்குத்தான் போனார்கள். இப்போது இன்டோர் ஃபுட்பால் லீக் என்ற இன்னொரு உள்ளரங்க லீக் மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை நடக்கிறது. ஆட்டத்துக்கு இவ்வளவு என்றுதான் சம்பளம். மற்ற மாதங்களுக்கு வேறு வேலை வேண்டும். நம் ஊரில் கபடி ஆடுபவனுக்கு ரயில்வே, போலீஸ் என்று விளையாட்டு ஒதுக்கீடாவது இருக்கிறது. அங்கே அதுவும் கிடையாது.

திருநகர் மாமா:
இருவருக்கும் நன்றி. நேற்றிரவு அவனிடம் பேசினேன். போகாதே என்று சொல்லவில்லை. ஒரு பருவம் ஆடிவிட்டுத் திரும்பி வர வழியுண்டா என்று அலுவலகத்தில் கேட்கச் சொன்னேன். சிக்கல் என்னவென்றால், அங்கே வருமான வரிக் கணக்குத் தாக்கல் ஏப்ரல் 15 வரை இருப்பதால், மார்ச்சில்தான் அந்த அலுவலகத்துக்கு ஆள் மிகவும் தேவை. "மாமா, செப்டம்பரில் வந்தால் எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டு மெயில் அனுப்பிவிட்டேன்" என்று இன்று காலை சொன்னான். பதில் வரும்வரை வேலையை விடமாட்டேன் என்று அக்காவிடமும் சொல்லியிருக்கிறான்.

உசிலை வாசி:
அணியின் ஒப்பந்தத்தில், காயம்பட்டால் மருத்துவச் செலவு யாருடையது என்பதையும் கையெழுத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.