விற்பதற்காக அழித்த லெப்டொப் இப்போது திறக்க மாட்டேன் என்கிறது

கொட்டகலை டீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். என் பழைய ஹெச்பி லெப்டொப்பைப் பக்கத்துத் தோட்டத்தில் ஏ.எல். படிக்கும் ஒரு பிள்ளைக்குக் கொடுப்பதாகப் பேசியிருக்கிறேன். ஐ3 ப்ராசசர், ஆறாம் தலைமுறை, ஹார்ட் டிஸ்க் போட்டது. வாங்கும்போதே விண்டோஸ் 10 ஹோம் இருந்தது. வங்கி விபரம், அடையாள அட்டைப் பிரதி, பிள்ளைகளின் புள்ளிப் பட்டியல் எல்லாம் உள்ளே கிடந்ததால் சும்மா டிலீட் பண்ணிக் கொடுக்க மனம் வரவில்லை. அண்ணன் மகன் டிஸ்க்கை முழுதாக அழிக்கும் டிபேன் (DBAN) என்ற மென்பொருளைப் பென்டிரைவில் போட்டுத் தந்தான். ராத்திரி முழுக்க ஓடி, முடிந்தது என்று காட்டியது. இப்போது ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ‘பூட் டிவைஸ் நொட் ஃபவுண்ட்’, அதன் கீழே ‘ஹார்ட் டிஸ்க் 3எஃப்0’. டவுனில் ஒரு கடையில் காட்டினேன். மதர்போர்ட் போயிருக்கும், பதினெட்டாயிரம் ரூபா ஆகும் என்கிறார்கள். சம்பளம் எடுத்ததும் பிள்ளையின் அப்பா காசோடு வந்துவிடுவார். உண்மையிலேயே மதர்போர்ட்தானா?

பதுளைப் பையன்:
டீச்சர், ஆன் பண்ணும்போதே எஃப்11ஐ விடாமல் தட்டுங்கள். ரிகவரி வரும். தங்கச்சியின் லெப்டொப்புக்கு அப்படித்தான் சரிவந்தது.

தலவாக்கலை ரிப்பேர்காரன்:
தம்பி, எஃப்11 ரிகவரியும் அதே டிஸ்க்கில் ஒரு மூலையில்தான் இருக்கும். டிபேன் அதையும் வழித்துவிட்டது. சாமானை எடுக்கச் சொன்னால் வாசற்படியையும் பெயர்த்துக்கொண்டு போகிற ஆள் அது.

டீச்சர், மதர்போர்ட் செத்திருந்தால் அந்த 3எஃப்0வைத் திரையில் எழுதியது யார்? போர்ட் உயிரோடு இருப்பதால்தான் டிஸ்க்கில் விண்டோஸைத் தேடுகிறது, காணவில்லை என்று சொல்கிறது. அழிக்கச் சொன்னீர்கள், அழித்திருக்கிறது. அவ்வளவுதான். திறந்து பார்க்காமல் விலை சொல்கிற கடைக்கு மறுபடி போகாதீர்கள்.

முதலில் அந்தத் திரையிலேயே எஃப்2 அழுத்தி ஹார்ட் டிஸ்க் டெஸ்ட் ஓடவிடுங்கள். பாஸ் ஆனால் கவலையில்லை. அப்புறம் விண்டோஸ் உள்ள வேறொரு கம்ப்யூட்டரில் மைக்ரோசொஃப்டின் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபிக்குக் குறையாத பென்டிரைவில் விண்டோஸ் 10ஐ ஏற்றுங்கள். பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், கல்யாணப் படங்கள் இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். டவுன்லோட் நாலைந்து ஜிபி போகும், போன் டேட்டாவில் செய்ய வேண்டாம்.

பென்டிரைவைச் செருகி, ஆன் செய்தவுடன் எஸ்கேப் கீயைத் தட்டிக்கொண்டே இருந்தால் மெனு வரும். அதில் எஃப்9 அழுத்தினால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும், பென்டிரைவைத் தெரிவு செய்யுங்கள்.

கொட்டகலை டீச்சர்:
டெஸ்ட் பாஸ் அண்ணா. ஆனால் எஃப்9இல் என் பென்டிரைவ் இரண்டு இடத்தில் தெரிகிறது, யூஇஎஃப்ஐ என்ற தலைப்பின் கீழ் ஒன்று, லெகசி என்பதன் கீழ் ஒன்று. எதை எடுப்பது?

தலவாக்கலை ரிப்பேர்காரன்:
யூஇஎஃப்ஐயை எடுங்கள், கம்ப்யூட்டர் தொடங்குவதற்கு அது புதிய முறை, லெகசி பழையது. லெகசியில் போட்டாலும் ஏறும், ஆனால் டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் பிரியும், நாளைக்கு வாங்குகிறவருக்குத்தான் தொல்லை. புரொடக்ட் கீ, அதாவது விண்டோஸின் உரிம எண், கேட்டால் இல்லை என்று போட்டுவிட்டு ஹோம் பதிப்பையே தெரிவு செய்யுங்கள். உங்களுடைய கீ போர்டில் உள்ள பயாஸ் சிப்பிலேயே பதிந்திருக்கும், இன்டர்நெட் கிடைத்ததும் தானாக அக்டிவேட் ஆகும். கீ விற்கிறேன் என்று யாராவது வந்தால் கொடுக்காதீர்கள். டிஸ்க் பட்டியலில் ‘அன்அலொகேட்டட்’ (இன்னும் பிரிக்காத இடம்) என்று ஒரே வரி நிற்கும், அதைத் தொட்டு நெக்ஸ்ட். ரீஸ்டார்ட் ஆகி மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் பென்டிரைவைக் கழற்றுங்கள்.

பின்னேர மழைக்குக் கரண்ட் போகிற ஊர் நம்முடையது. பெட்டரி ஏறியிருக்கிறதா என்று பார்த்து, காலையில் தொடங்குங்கள். எந்த நாடு என்று கேட்கும் திரை வந்ததும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து நிறுத்திவிடுங்கள். உங்கள் ஈமெயிலைப் போடாதீர்கள், அந்தப் பிள்ளை தன் கணக்கைப் போட்டுக்கொள்ளட்டும். உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் டிவைஸ் பட்டியலில் இருந்தும் அந்த லெப்டொப்பை எடுத்துவிடுங்கள்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு: ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி என்ற சிப் வகை டிஸ்க் என்றால் டிபேன் வேண்டாம், அதற்கு செக்யூர் இரேஸ் என்ற, அந்த டிஸ்க்கே தன்னை அழித்துக்கொள்ளும் கட்டளைதான் முறை.

பண்டாரவளைக்காரன்:
விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14உடன் மைக்ரோசொஃப்டின் ஆதரவு (வழக்கமான பாதுகாப்பு அப்டேட்) முடிந்துவிட்டதே அண்ணே. ஆறாம் தலைமுறை ப்ராசசருக்கு விண்டோஸ் 11உம் முறைப்படி ஏறாது. விண்டோஸுக்குப் பதில் இலவசமான லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுக்கலாமே?

தலவாக்கலை ரிப்பேர்காரன்:
நியாயம்தான், எனக்கும் மின்ட் பிடிக்கும். ஆனால் பாவிக்கப் போகிறது அந்தப் பிள்ளை. கேட்டுவிட்டுப் போடுங்கள் டீச்சர், விலை பேசும்போது ஆதரவு முடிந்த விஷயத்தையும் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.

கொட்டகலை டீச்சர்:
நாடு கேட்கும் திரை வந்துவிட்டது, நிறுத்திவிட்டேன். பிள்ளையிடம் கேட்டேன், விண்டோஸே போதுமாம். ஆதரவு விஷயத்தைச் சொன்னதும் அப்பா மூவாயிரம் ரூபா குறைக்கச் சொன்னார், சரி என்றுவிட்டேன்.