சில்வியஸ் ஒருத்தரா, ரெண்டு பேரா?

சேன்தெனி_அம்மா:
வணக்கம் எல்லாருக்கும். பொண்ணு இங்க பிரெஞ்சுத் தீவு ரெயூனியன்ல யூனிவர்சிட்டில மெடிசின் முதல் வருஷம். மூணு மாசமா சாப்பாட்டு மேசை மேல ஒரு பிளாஸ்டிக் மண்டையோடு உக்காந்திருக்கு, அது சாமி ரூம் பக்கம் வரவே கூடாதுன்னு மாமியார் தனியா ஆர்டர் போட்டிருக்காங்க. நேத்து ராத்திரி ரசத்துக்குப் புளி கரைச்சிட்டு இருக்கேன், இவ வந்து என் காதுக்கு மேல விரலை வச்சு "இதுக்குள்ளதாம்மா சில்வியஸ் பிளவு இருக்கு"ங்கறா. யார்றா இந்த சில்வியஸ்னு நெட்ல தேடினா பாரிஸ்ல, உடற்கூறியல்ல பேர்போன வெசாலியஸுக்கே பாடம் எடுத்தவர், அப்புறம் அதே மாணவனை பைத்தியம்னு திட்டி புக் போட்டவர்னு வருது. இவரேதானா? தெரிஞ்சா அவகிட்ட கொஞ்சம் பந்தா காட்டிக்கலாம் 😄

ரிட்டயர்டு_நர்ஸ்:
இல்லக்கா, அது வேற ஆள். மூளைல இருக்கற பிளவு ஃப்ரான்சிஸ்கஸ் சில்வியஸ் பேர்ல, 1614ல ஹனாவ்ல பிறந்து ஹாலந்துல லைடன்ல வாத்தியாரா இருந்தவர். நீங்க படிச்சது ழாக் துய்ப்வா, 1478ல அமியென் பக்கத்துல பிறந்தவர். நமக்குத்தான் தெரியுமே, பிரெஞ்சுல 'ப்வா'ன்னா காடு, லத்தீன்ல 'சில்வா', அப்படி சில்வியஸ் ஆயிட்டாரு. லைடன்காரர் குடும்பப் பேரு 'த ல போயெ', அதுக்கும் அதே அர்த்தம்தான்!

பாண்டிக்காரன்974:
துய்ப்வா சுவாரசியமான மனுஷன்க்கா. 50 வயசு தாண்டித்தான் மோம்பெலியேல டாக்டர் பட்டம் வாங்கினாரு, 1531ல பிரெஞ்சுக்கு லத்தீன்ல இலக்கணம் எழுதினதும் இவர்தான். அதுவரை தசைகளை ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டுத்தான் சொல்லிட்டு இருந்தாங்க, இவர்தான் நிறைய தசைக்குப் பேர் வச்சு பாடம் எடுத்தாரு, கிளாஸுக்கும் ஏகப்பட்ட கூட்டம். ஆனா அவருக்கு பழங்காலத்து கிரேக்க வைத்தியர் காலென் சொன்னா வேதவாக்கு. வெசாலியஸ் 1543ல பெரிய புத்தகம் போட்டு, காலென் அறுத்துப் பார்த்தது குரங்கைத்தான், மனுஷனை இல்லன்னு போட்டு உடைச்சாரா, வாத்தியாருக்கு வந்துச்சே கோவம். 1551ல பதில் எழுதினப்ப வெசாலியஸ்ங்கற பேரையே 'வேசானுஸ்'னு திரிச்சாரு, லத்தீன்ல பைத்தியக்காரன்னு அர்த்தம். தொடை எலும்பு வளைவா இருக்கும்னு காலென் சொல்லியிருக்காரே, நேராத்தானே இருக்குன்னு கேட்டா, இந்தக் காலத்துப் பசங்க இறுக்கமா கால்சட்டை போடறாங்க அதான் நேராயிடுச்சுன்னாராம்!!

ரிட்டயர்டு_நர்ஸ்:
சிரிப்பா இருந்தாலும் எனக்கு அவர் மேல கொஞ்சம் பாவமாத்தான் இருக்கு தம்பி. அந்தக் காலத்துல கிரேக்க மூலத்துலேர்ந்தே காலெனைப் படிச்சு சொல்லித் தர்றதே பெரிய விஷயம். வெசாலியஸுக்கு நுணுக்கமா படிக்கற பழக்கம் இவர் கிளாஸ்லயும் கொஞ்சம் வந்திருக்கும், அப்புறம் பாரிஸ் இன்னோசாம் இடுகாட்டு எலும்பையெல்லாம் தானே போய் கையில எடுத்துப் பார்த்ததாலதான் கண்ணு திறந்துச்சு.

பாண்டிக்காரன்974:
பாவமா? ஃபீஸ் விஷயத்துல மகா கஞ்சன்னு பேரு அவருக்கு. 1555ல செத்தப்ப லத்தீன்ல ஒரு கேலிப் பாட்டு சுத்துச்சு: ஓசில எதையுமே கொடுக்காதவன் இங்க கிடக்கான், இதை நீ ஓசில படிக்கறியேன்னு செத்தும் வருத்தப்படறான்னு 😂

சேன்தெனி_அம்மா:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சேன். "பரீட்சைல அதெல்லாம் கேக்க மாட்டாங்கம்மா"ன்னுட்டா. ஆனா அந்தக் கால்சட்டை கதையை மட்டும் மாமியாருக்கு கூப்பிட்டுச் சொன்னா, அவங்க இவளோட ஜீன்ஸைப் பார்த்துட்டு "அந்த ஆள் சொன்னது சரிதான்"ங்கறாங்க.