பழைய கார் பெட்ரோல் டேங்க்கைக் கழற்றிக் கழுவ வேண்டும், எங்கே ஆரம்பிப்பது?

துருப்பிடித்த நட்டு

ஒன்பது வருடம் அசையாமல் நின்ற, அறுபதுகளில் வந்த கார் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. புது பேட்டரி போட்டு, கார்புரேட்டரைக் கழுவி மாட்டியதும் இரண்டாவது நாளே ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஆனால் பத்து நிமிடம் ஓடியதும் திக்கித் திணறி நின்றுவிடுகிறது, கால் மணி நேரம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. ஃபில்டரைக் கழற்றிக் கவிழ்த்தால் செங்கல் பொடி மாதிரி கொட்டுகிறது. டேங்க் மூடியைத் திறந்தால் பெட்ரோல் வாசனையே இல்லை, பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்தது போல மூக்கில் ஏறுகிறது.

டேங்க் டிக்கிக்கு அடியில் இரண்டு பட்டையில் தொங்குகிறது. கழற்றாமலே கழுவ வழி உண்டா? கழற்றினால் எதை முதலில் எடுப்பது? உள்ளே ஏதோ கோட்டிங் ஊற்றுகிறார்களே, அது அவசியமா?

பழைய ஸ்பேனர்

நீங்கள் சொல்வது துரு உறிஞ்சு குழாயின் வாயை அடைக்கிற கதைதான். பம்ப் இழுக்க இழுக்கப் பொடி வந்து சல்லடையில் ஒட்டிக்கொள்ளும், எஞ்சின் நின்றதும் உதிர்ந்துவிடும், அதனால்தான் கால் மணி நேரத்தில் மறுபடி உயிர் வருகிறது. இருந்தாலும் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். அடுத்த முறை நிற்கும்போது உடனே டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போனால் காற்றுக் குழாயும் அடைத்திருக்கிறது, டேங்க்கை மட்டும் கழுவினால் பிரச்சினை பாதிதான் தீரும்.

கழற்றாமல் கழுவுவது வேண்டாம், அடியில் படிந்தது வராது. பட்டை போல்ட்டுகளில் முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவையுங்கள், இல்லையென்றால் போல்ட் தலை கையோடு வந்துவிடும். பேட்டரி நெகட்டிவ் வயரை எடுத்துவிட்டு, டிரெய்ன் பிளக் இருந்தால் அது வழியாக, இல்லையென்றால் கைப்பம்ப் வைத்து பெட்ரோலை இறக்குங்கள். வாயால் உறிஞ்சுகிற வேலை வேண்டவே வேண்டாம். அப்புறம் ஊற்று ஹோஸ், காற்றுக் குழாய், பெட்ரோல் லைன், ஃப்ளோட் (பெட்ரோல் அளவை மீட்டருக்குச் சொல்லும் மிதவை) வயர், எர்த் வயர். எது எங்கே போகிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டேங்க்குக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கியால் தாங்கிய பிறகுதான் பட்டையைத் தொட வேண்டும். பாதி இறக்கியதும் நிறுத்தி மேலே எட்டிப் பாருங்கள், கட்டாயம் ஒரு ஹோஸை மறந்திருப்பீர்கள்.

மெதுவா போ

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், ஆனால் யாரும் சொல்லவில்லை. நிறைந்த டேங்க்கை விடக் காலி டேங்க்தான் ஆபத்து. எரிவது ஆவி, காலி டேங்க்கில் அது காற்றோடு சரியான அளவில் கலந்து நிற்கும். காற்றில் ஒன்றரை சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே பெட்ரோல் ஆவி இருந்தாலும் பற்றிக்கொள்ளும். போதாததற்கு அது காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போகும். ஷெட்டிலோ குழியிலோ இறங்கி இதைச் செய்யாதீர்கள். என் பழைய ஷெட்டில் ஹீட்டர் எட்டு அடி தள்ளித்தான் இருந்தது. அன்றைக்கு அதை அணைக்க மறந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது.

ஃப்ளோட் யூனிட்டின் பூட்டு வளையத்தை உளியும் சுத்தியும் வைத்து அடிக்காதீர்கள், பித்தளைத் துண்டோ கட்டையோ போதும். ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பாருங்கள், உள்ளே தளதளவென்றால் அது ஓட்டை, மீட்டர் எப்போதும் காலி என்றே காட்டும்.

சங்கிலி மாமா

கழுவுவதற்கு வருவோம். எல்லோரும் நேராக வினிகரை ஊற்றிவிட்டுத் துரு போகவில்லை என்று புலம்புவார்கள். துருவின் மேல் அந்த வார்னிஷ் பிசின் மூடியிருந்தால் அமிலம் உள்ளே இறங்காது. முதலில் பாத்திரம் கழுவும் திரவமும் வெந்நீரும் விட்டு மூன்று நான்கு முறை கழுவி பெட்ரோல் வாடையைப் போக்குங்கள். பிசின் அப்படியும் விடாமல் இருந்தால் வெளியில் வைத்து அசிட்டோன் விட்டு ஊறவைக்கலாம், ஆனால் அதுவும் பெட்ரோல் மாதிரியே பற்றும். அதன் பிறகு துரு. சிலர் நட்டுகளைப் போட்டுக் குலுக்குவார்கள், நான் மெல்லிய சங்கிலிதான் போடுவேன், நுனியைப் பிடித்து இழுத்தால் முழுசாக வந்துவிடும். நட்டுதான் போடுவேன் என்றால் எண்ணிப் போடுங்கள். உள்ளே தடுப்புத் தகடுகள் இருக்கும், ஒன்று அதற்குப் பின்னால் போனால் பொழுது போய்விடும்.

பிறகு வினிகரோ சிட்ரிக் அமிலமோ ஒன்றிரண்டு நாள் ஊறட்டும், நடுநடுவே புரட்டி வையுங்கள். கொட்டியதும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே உலர்த்துங்கள். ஈரமாக விட்டால் கண்ணெதிரே ஆரஞ்சு நிறம் பூக்கும். உலர்ந்ததும் பெட்ரோலில் கொஞ்சம் டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்து உள்ளே புரட்டிவிடுங்கள். அந்தக் காலத்து டேங்க் பலவற்றில் தகட்டுக்கு ஈயமும் வெள்ளீயமும் கலந்த பூச்சு இருக்கும். துரு இல்லாத இடத்தில் அமிலம் அதைத்தான் தின்னும், அதனால் தேவைக்கு மேல் ஊறவைக்காதீர்கள், அந்தத் தண்ணீரைத் தோட்டத்திலும் கொட்டாதீர்கள்.

பழைய ஸ்பேனர்

கோட்டிங் பற்றி: ஓட்டை இல்லையென்றால் வேண்டாம். துரு மிச்சமிருக்கும் தகட்டில் ஊற்றிய கோட்டிங் இரண்டு வருடத்தில் தோலாக உரிந்து உறிஞ்சு குழாயில் போய் உட்காரும். பழைய வகை கோட்டிங்குகள் சில எத்தனால் கலந்த பெட்ரோலில் இளகிவிடும்.

சங்கிலி மாமா

இதில் நான் ஒத்துப்போக மாட்டேன். என் வண்டியில் ஊசிமுனை ஓட்டைகள் நாலைந்து இருந்தன, நன்றாகச் சுத்தம் செய்து எபாக்ஸி கோட்டிங் ஊற்றினேன், இன்றுவரை சொட்டவில்லை. ஆனால் ஓட்டை எங்கே என்று முதலில் தெரிய வேண்டும், வாய்களை அடைத்து லேசாகக் காற்று விட்டு சோப்பு நுரை தடவிப் பாருங்கள். கம்ப்ரசரைத் திறந்துவிட்டால் டேங்க் பலூன் மாதிரி உப்பிவிடும், அப்புறம் எந்தப் பட்டையும் பொருந்தாது.

மெதுவா போ

வெல்டிங் வைக்கலாம் என்று யாராவது வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்: கழுவிய டேங்க்கின் மடிப்புத் தையலுக்குள்ளும் பெட்ரோல் மிச்சம் இருக்கும். நெருப்பு காட்டாதீர்கள்.

துருப்பிடித்த நட்டு

எல்லோருக்கும் நன்றி. மூடியைத் திறந்தேன், சத்தமே வரவில்லை, எனவே துருதான். டேங்க் இறங்கிவிட்டது, பழைய ஸ்பேனர் சொன்ன மாதிரியே காற்றுக் குழாயை மறந்திருந்தேன். வினிகர் இரண்டு நாள் ஊறி, தகடு சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது, ஓட்டை எதுவும் இல்லை, அதனால் கோட்டிங் ஊற்றப்போவதில்லை. கையில் சங்கிலி இல்லாததால் நட்டு போட்டேன். இருபது போட்டேன், பத்தொன்பதுதான் வந்தது.

சங்கிலி மாமா

சொன்னேனா! ஃப்ளோட் துளை வழியாக வளைகிற காந்தக் கம்பியை விட்டுத் தடுப்புத் தகட்டின் மூலையில் தேடுங்கள். கிடைக்கும்வரை திரும்ப மாட்டாதீர்கள், வளைவில் திரும்பும்போதெல்லாம் அது உருளும்.