டெமோவை 42 இடங்களுக்கு அனுப்பிவிட்டேன், ஒரு வேலைகூட வரவில்லை. குரல் துறையில் இருப்பவர்கள் வழி சொல்லுங்கள்

கோவில்பட்டி டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 36 வயது. ஒரு தனியார் பள்ளியில் 11 வருடமாக ஐந்தாம் வகுப்புக்குத் தமிழும் சமூக அறிவியலும் எடுக்கிறேன். கொரோனா சமயத்தில் பாடங்களைப் பேசிப் பதிந்து பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அதைக் கேட்ட பெற்றோர்கள்தான், "டீச்சர், நீங்க விளம்பரத்துக்கே பேசலாம்" என்று கிளப்பிவிட்டார்கள். நானும் நம்பிவிட்டேன்.

போன வருடம் 6,500 ரூபாய்க்கு ஒரு யுஎஸ்பி மைக் வாங்கினேன். இணையத்தில் மூன்று வாரப் பயிற்சி வகுப்பு ஒன்றிலும் சேர்ந்தேன். டெமோவில் (வேலை கேட்டு அனுப்பும் மாதிரிக் குரல் பதிவு) நகைக்கடை விளம்பரம், ஆவணப்படம், கார்ட்டூன் குழந்தை, சினிமா டிரெய்லர் எல்லாம் இருக்க வேண்டும் என்றார் சொல்லிக் கொடுத்தவர். "அந்தத் தெற்கத்தி இழுவையைக் குறையுங்கள், அப்போதுதான் எடுபடும்" என்றும் சொன்னார். இரண்டு மாதம் டிவி விளம்பரங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு அதே மாதிரி பேசிப் பழகினேன்.

42 இடங்களுக்கு அனுப்பியதில் பதில் வந்தது மூன்று. இரண்டு பேர் "தேவைப்பட்டால் அழைக்கிறோம்" என்றார்கள். மூன்றாமவர் சாம்பிள் என்று சொல்லி என்னை 20 நிமிடம் பேச வைத்து வாங்கிக்கொண்டார், அப்புறம் போனையே எடுக்கவில்லை.

சென்னைக்கு வராமல் இது நடக்காதா? நல்ல மைக் வாங்க வேண்டுமா? யூனியன் கார்டு எடுக்க வேண்டுமா? ஏஐ வந்த பிறகு இதற்கெல்லாம் இனி ஆள் தேவைப்படுமா? "இன்னும் ஒரு வருஷம் பாரு, இல்லேன்னா விட்டுரு" என்கிறார் வீட்டுக்காரர். அவரைக் குறை சொல்ல முடியாது. டெமோவை இணைத்திருக்கிறேன், தயவுசெய்து கேட்டுப் பாருங்கள்.

---

சாலிகிராமத்துக்காரன்:

வணக்கம் மேடம். இரண்டு வேறு தொழில்களை நீங்கள் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் 14 வருடமாகச் சினிமா, சீரியல் டப்பிங் பேசுகிறேன். எங்கள் வேலைக்கு யூனியன் உண்டு, கார்டு உண்டு, ஸ்டுடியோவுக்கு நேரில் போயே ஆக வேண்டும். போனில் கூப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் வடபழனியில் நிற்க வேண்டும். கோவில்பட்டியில் இருந்துகொண்டு அது முடியாது.

குரல் மட்டும் இருந்தாலும் போதாது. திரையில் இருப்பவரின் உதடு மூடுகிற இடத்தில் நம் வசனத்திலும் ப, ம மாதிரி உதடு ஒட்டும் எழுத்து விழ வேண்டும். தெலுங்கிலிருந்து வரும் படம் என்றால் அதற்காகவே வசனத்தைத் திருப்பிப் போடுவோம். முதல் மூன்று வருடம் நான் பேசியது எல்லாம் கூட்டத்தில் ஒருவன். "ஏய் ஓடு ஓடு", "டாக்டரைக் கூப்பிடுங்க", அவ்வளவுதான். நடிகர் மோகனுக்குக் குரல் கொடுத்த எஸ்.என்.சுரேந்தரைத் தமிழ்நாடே கேட்டது, ஆனால் அந்தக் குரல் மோகனுடையது இல்லை என்று எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது? இந்த வேலை அப்படித்தான்.

விளம்பரம், பாடம், ஆடியோ புத்தகம் இதெல்லாம் வாய்ஸ் ஓவர். அதற்கு ஊர் ஒரு தடையில்லை. உங்கள் டெமோவைக் கேட்டேன். தப்பில்லை. ஆனால் இதே மாதிரி நூறு டெமோ கேட்டிருக்கிறேன்.

---

பாளையங்கோட்டை மைக்செட்:

டீச்சர், நான் உங்கள் பக்கத்து ஊர்தான். உங்கள் டெமோவை மூன்று தரம் கேட்டேன். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், முதலில் என் கதை.

2006-ல் எனக்கு 22 வயது. ஒரு மைக்செட் கடையில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன். ஆட்டோவில் கட்டிப் போகிற விளம்பரத்தை அந்தக் கடையிலேயே பேசிப் பதிவார்கள். வழக்கமாகப் பேசுகிறவருக்கு ஒருநாள் தொண்டை கட்டிக்கொள்ள, "நீ பேசுலே" என்றார் முதலாளி. பேசினேன். ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி. 150 ரூபாய் கொடுத்தார். அதற்கப்புறம் காதுகுத்து, கடைதிறப்பு, காணவில்லை அறிவிப்பு, தேர்தல் என்று எல்லாம் பேசினேன். எங்கள் ஊரில் பழைய இரும்பு வாங்க வருகிற வண்டியில் ஓடுகிற குரல் இன்றைக்கும் என்னுடையதுதான். அதற்கு வாங்கியது 200 ரூபாய், ஒரே ஒரு தடவை. தெருவில் அது போகும்போது என் மகள் காதைப் பொத்திக்கொள்வாள்.

2009-ல் சென்னைக்குப் போனேன். உங்களை மாதிரியே கம்பீரக் குரல், டிரெய்லர் குரல் என்று ஒரு சிடியில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு ஏறி இறங்கினேன். ஒரு ஸ்டுடியோவில் அந்தப் பொறியாளர் பாதியிலேயே நிறுத்திவிட்டு, "யார் மாதிரி பேசுறீங்க இப்போ?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எட்டு மாதம் இருந்து பார்த்துவிட்டு ஊருக்கு வண்டி ஏறிவிட்டேன்.

வேலை வந்தது நான் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து. பூச்சிமருந்து அடிப்பது எப்படி என்று விவசாயிகளுக்குக் காட்ட ஒரு கம்பெனி படம் எடுத்தது. பேச வேண்டியவர் வரவில்லை. மைக்செட் ஆள் ஒருத்தன் இருக்கிறான் என்று யாரோ சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். தாளில் "2.5 மி.லி. மருந்தை 1 லிட்டர் நீரில் கலந்து தெளிப்பானில் இடவும்" என்று இருந்தது. "இரண்டு புள்ளி ஐந்து என்று படித்தால் எங்க சித்தப்பாவுக்குப் புரியாது, ரெண்டரை என்று சொல்லவா?" என்று கேட்டேன். "அவர் லிட்டர் கணக்கில் கலக்க மாட்டார், டேங்க் கணக்கில்தான் ஊற்றுவார். 10 லிட்டர் டேங்குக்கு 25 மில்லி என்று மாற்றலாமா?" என்றும் கேட்டேன். படம் எடுத்தவர் என்னையே ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு தாளை என்னிடம் கொடுத்து, "முழுசையும் பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

அந்த ஆள் அடுத்த மாதமே திரும்பக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு சொட்டுநீர்ப் பாசனம், மாட்டுக்குத் தடுப்பூசி, சுயஉதவிக்குழுக் கடன், ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிடுவது. இன்று என் வருமானத்தில் முக்கால்வாசி இந்த மாதிரி பயிற்சிப் படங்களிலிருந்துதான் வருகிறது. ஒரு டிவி விளம்பரத்தில்கூட நான் கிடையாது. வீடு கட்டியாகிவிட்டது.

இழுவை விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஆசிரியர் சொன்னதில் பாதி சரி. உச்சரிப்புத் தப்பு வேறு, ஊர் வாடை வேறு. ழ-வை ள-வாக்குவது, ண-வை ன-வாக்குவது தப்பு, அதைத் திருத்தித்தான் ஆக வேண்டும். ஆனால் வாக்கியத்தின் முடிவில் கொஞ்சம் தூக்கி முடிப்பது நம் ஊர் நடை. கோவில்பட்டியில் கடலைமிட்டாய் விற்கிற கம்பெனிக்கு அந்த நடைதான் வேண்டும். அதை அழித்துவிட்டுப் பேசினால், சாலிகிராமத்துக்காரர் சொன்ன அந்த நூறு டெமோவில் ஒன்றாகத்தான் ஆகும்.

மைக்கை இப்போது மாற்ற வேண்டாம். உங்கள் பதிவில் கேட்பது மைக்கின் குறை இல்லை, அறையின் எதிரொலி. வெறும் சுவர், டைல்ஸ் தரை, இல்லையா? சின்னச் சத்தத்தையும் பிடிக்கிற, விலை கூடின கண்டன்சர் மைக் வாங்கினால் அந்த எதிரொலியை இன்னும் தெளிவாகப் பிடித்துத் தரும், காசு கொடுத்துக் கெடுத்துக்கொள்வதுதான். துணி அலமாரியைத் திறந்து வைத்து அதற்குள் தலையை விட்டுப் பேசிப் பாருங்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு இலவம்பஞ்சு மெத்தையை நிறுத்துங்கள். மைக்குக்கு நேராக வாயை வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்தால் ப, பா எல்லாம் வெடிக்காது. ஆடிசிட்டி என்கிற ஒலிப்பதிவு மென்பொருள் இலவசம், அதுவே போதும். 20 விநாடி பேசாமல் பதிந்து பாருங்கள், அந்த இரைச்சல் மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே இருந்தால் ஆடியோ புத்தகக்காரர்களே ஏற்றுக்கொள்வார்கள். அதற்கு ஃபேனை அணைக்க வேண்டும். வேர்க்கும். நான் 15 வருடமாக வேர்த்துக்கொண்டுதான் சம்பாதிக்கிறேன்.

நம் ஊரில் இன்னும் இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று கோவில் கொடைத் திருவிழா. சித்திரையிலும் ஆடியிலும் குழாய் ஒலிபெருக்கி கட்டிவிட்டால் மூன்று நாள் எந்த வேலையும் நடக்காது. (அந்தக் குழாயில் ஒரு காலத்தில் பேசியவன் நான்தான், யாரைத் திட்டுவது?) இன்னொன்று பல்லி. ஒரு வங்கிப் பயிற்சிப் படத்தை அனுப்பினேன், "4 நிமிடம் 12 நொடியில் ஏதோ டிக் டிக் சத்தம்" என்று திரும்பி வந்துவிட்டது. தனியாகப் போட்டுக் கேட்டேன், பல்லி. எங்கள் அம்மா தென்கிழக்கில் சொன்னால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தை எடுத்துவிட்டார்கள்.

இப்போது உங்கள் டெமோ. நகைக்கடையும் டிரெய்லரும் நீங்கள் இல்லை. கார்ட்டூன் குழந்தை பரவாயில்லை. ஆனால் 2 நிமிடம் 31-வது நொடியில் ஒரு துண்டு இருக்கிறது, நீங்கள் வெட்ட மறந்தது. ஏதோ கதவு திறக்கிறது, "இருடா, முதல்ல இதக் கேளு, அப்புறம் புரியலேன்னா இன்னொரு தரம் சொல்றேன்" என்கிறீர்கள். உங்கள் பையனாக இருக்க வேண்டும். டீச்சர், அந்த ஆறு விநாடிக்குத்தான் நான் மூன்று தரம் கேட்டேன்.

---

பெங்களூர்ப் பாடக்காரி:

நானும் அதையேதான் கவனித்தேன்! பள்ளிப் பாட வீடியோக்களுக்கும் அலுவலகப் பயிற்சிகளுக்கும் குரல் எடுப்பது என் வேலை. ஒரு நாளைக்கு முப்பது டெமோ வந்தால் ஒவ்வொன்றிலும் முதல் எட்டு நொடிதான் கேட்பேன், அதற்கு மேல் நேரமில்லை. உங்களுடையதில் முதல் எட்டு நொடியில் தங்க நகை இருந்தது, வேலைக்கென்று எனக்கு வந்திருந்தால் அங்கேயே மூடியிருப்பேன்.

எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போடாதீர்கள். பாடம் தனி, கதை தனி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள். கோப்புக்குப் பெயரும் ஊரும் வையுங்கள். "நியூ ரெக்கார்டிங் 17" என்று வருகிறதைத் தேடியெடுக்க எனக்குப் பொறுமை கிடையாது. சாம்பிள் என்றால் ஒரு நிமிடத்துக்கு மேல் யாருக்கும் இலவசமாகப் பேசாதீர்கள். 20 நிமிடம் கேட்பவர் சாம்பிள் கேட்கவில்லை.

ஏஐ பற்றி: பொய் சொல்ல மாட்டேன், மலிவான வேலையில் ஒரு பகுதி போய்விட்டது. பொருட்பட்டியல் வாசிப்பது, ஒரே மாதிரி அறிவிப்புகள் எல்லாம் இயந்திரத்துக்கு. ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்குப் பின்னம் புரியவைக்கிற தமிழ் எனக்கு இயந்திரத்திலிருந்து இன்னும் கிடைக்கவில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை.

இதைவிட முக்கியம் ஒப்பந்தம். பெவ் ஸ்டாண்டிங் என்ற கனடாக்காரர் மொழிபெயர்ப்புக்கு என்று பேசிக் கொடுத்த குரல், டிக்டாக்கில் எழுத்தை வாசிக்கும் குரலாக வந்து நின்றது. 2021-ல் வழக்குப் போட்டார், சமரசத்தில் முடிந்தது. இங்கே 2024-ல் பாடகர் அரிஜித் சிங்கின் குரலை ஏஐ-யில் நகலெடுப்பதற்கு பம்பாய் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. அவர் அரிஜித் சிங், நீங்களும் நானும் வழக்குக்கு எங்கே போவது? அதனால் முன்பே எழுதி வாங்குங்கள்: எந்த வேலைக்கு, எத்தனை நாளைக்கு, இயந்திரத்துக்குப் பயிற்சி கொடுக்கவோ நகலெடுக்கவோ கூடாது என்று. மின்னஞ்சலில் நாலு வரி இருந்தாலும் போதும். எழுதித் தர மறுக்கிறவர்களிடம் கொஞ்சம் யோசித்துப் போங்கள்.

---

கோவில்பட்டி டீச்சர்:

அது என் பையன்தான்! வெட்ட மறந்ததே தெரியாது, 42 இடத்துக்கும் அப்படியே போயிருக்கிறது என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. டைல்ஸ் தரையும் சரியாகச் சொல்லிவிட்டீர்கள் அண்ணாச்சி.

நேற்று ராத்திரி அலமாரிக்குள் தலையை விட்டு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வது மாதிரியே வரைபடப் பாடம் ஒன்றைப் பேசினேன். தாளைப் பார்த்து வாசிக்கவில்லை, எதிரே எங்கள் வகுப்பு கடைசி பெஞ்ச் பையன் ஒருவன் இருப்பதாக நினைத்துக்கொண்டேன். அவனுக்கு வடக்கு தெற்கு இன்னும் குழப்பம்தான். 50 நொடி வந்திருக்கிறது. எதிரொலி போய்விட்டது. பாடக்காரி அக்காவுக்கு அனுப்பலாமா?

ஒரு சந்தேகம். அலமாரிக்குள் இருட்டாக இருக்கிறது, தாள் தெரியவில்லை. ட்யூப்லைட்டைக் கிட்டே வைத்தால் ஒரு ரீங்காரம் வருகிறது. நீங்கள் வெளிச்சத்துக்கு என்ன செய்கிறீர்கள்?

---

பெங்களூர்ப் பாடக்காரி:

அனுப்புங்கள். தனிச்செய்தியில் முகவரி போட்டிருக்கிறேன். பையன் குறுக்கே வந்தால் வெட்டாமலே அனுப்புங்கள்.

---

பாளையங்கோட்டை மைக்செட்:

தாளே வேண்டாம், செல்போனில் ஏற்றிப் பெரிய எழுத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள், வெளிச்சமும் அதுவே. தாள் சரசரக்கும் தொல்லையும் இல்லை. ஏரோப்ளேன் மோடில் போட மறக்காதீர்கள். நான் ஒருமுறை மறந்து, கால்நடைத் தடுப்பூசிப் படத்தின் கடைசி வரியில் மச்சான் போன் வந்து, 18 நிமிடத்தையும் முதலிலிருந்து பேசினேன்.