சீந்தில் என்று நினைத்துக் குடித்த கொடி

ஆயர் ஹீத்தாம், பினாங்கிலிருந்து:

அப்பாவுக்கு இனிப்புநீர். மாத்திரை போட்டும் காலைச் சர்க்கரைக் கணக்கு எட்டு மில்லிமோலுக்குக் கீழே இறங்கவே இல்லை. பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) தன் வேலியிலிருந்து இரண்டு முழம் கொடியை வெட்டி, "பத்தாவாலி, அவித்துக் குடிக்கச் சொல்" என்று கொடுத்தார். அம்மா பார்த்ததுமே, "அட, நம்ம சீந்தில்! தோட்டத்து லயத்தில் பாட்டி காய்ச்சலுக்குக் கொடுப்பாங்களே" என்று அடுப்பை மூட்டிவிட்டார்.

அந்தக் கசப்புக்கு முன்னால் வேப்பிலையெல்லாம் சர்க்கரைப் பொங்கல். அப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று வாரம் குடித்தார். நான்காவது வாரம் சோறு பிடிக்கவில்லை, சிறுநீர் தே ஓ (பாலில்லாத தேநீர்) நிறத்தில் போனது. ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம் ஏறியிருந்தது. "வேறென்ன குடிக்கிறீர்கள்?" என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். நிறுத்தினோம். ஒன்றரை மாதத்தில் சரியானது.

அப்புறம் லிட்டில் இந்தியாவில் நாட்டு மருந்துக்கடை வைத்திருக்கும் பெரியவரிடம் மிச்சக் கொடியைக் காட்டினேன். தடவிப் பார்த்தே சொல்லிவிட்டார்: "தம்பி, சீந்தில் தோல் காகிதம் மாதிரி உரியும். புள்ளி இருக்கும், ஆனா இப்படி உடம்பெல்லாம் பரு இருக்காது." இரண்டும் டினோஸ்போரா என்ற ஒரே தாவரப் பேரினத்துப் பங்காளிகள், இலையும் இதய வடிவம்தான், ஏமாறாமல் என்ன செய்வது? சீந்தில் கார்டிஃபோலியா, பத்தாவாலி கிறிஸ்பா.

ஆயுர்வேதத்தில் சீந்திலுக்கு குடூசி, அமிர்தா என்று பெயர். சின்னருஹா என்றும் சொல்வார்கள், வெட்டிப் போட்டாலும் துளிர்ப்பது என்று பொருள். காய்ச்சல், வாதரத்தம் (மூட்டு வீக்கம்), பிரமேகம் (இனிப்புநீர் போன்ற சிறுநீர் நோய்கள்), ஏன், காமாலைக்கே கொடுக்கிற மருந்து. வேம்பில் படர்ந்த கொடிக்குத் தனி மதிப்பு. பச்சைத் தண்டை இடித்து நீரில் கரைத்து, அடியில் படியும் வெள்ளை மாவைக் காயவைத்தால் சீந்தில் சர்க்கரை. பெயர்தான் சர்க்கரை, இனிப்பு கிடையாது!

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு பதில்:

அசல் சீந்தில் என்றாலும் கொஞ்சம் பார்த்துக் குடியுங்கள். 2021இல் மும்பை மருத்துவர்கள் சீந்தில் குடித்த ஆறு பேரின் கல்லீரல் பாதிப்பைப் பதிவு செய்தார்கள். ஒத்த தோற்றமுள்ள கிறிஸ்பா போன்ற செடிகள் கல்லீரலைக் கெடுக்கலாம், அவர்கள் குடித்தது எதுவென்று முதலில் சோதித்திருக்க வேண்டும் என்றது பாரம்பரிய மருத்துவத்தைக் கவனிக்கும் இந்திய ஆயுஷ் அமைச்சகம். கோவிட் காலத்தில் கபசுரக் குடிநீர் வழியாக நாம் எல்லோருமே சீந்தில் குடித்தவர்கள்தான். நான் டப்பாவில் மால் (MAL) எண், அதாவது மலேசிய அரசின் மருந்துப் பதிவு எண், பார்க்காமல் வாங்குவதில்லை. பாரம்பரிய மருந்தென்றால் அந்த எண் டி (T) எழுத்தில் முடியும்.

ஆயர் ஹீத்தாமிலிருந்து மறுபடியும்:

எண்ணைப் பார்க்கலாம் சார், வேலியில் வெட்டியதற்கு எண் ஏது? மக்சிக்கிடம் நடந்ததைச் சொன்னேன். பாவம், பதறிப்போய் இரண்டு நாள் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். ஆனால் பல வருஷமாக அவர் அதைத்தான் குடிக்கிறார், ஒன்றும் ஆகவில்லை. அதைச் சொல்லித்தான் அம்மா இன்னும் என்னோடு மல்லுக்கு நிற்கிறார்.