மாஷ் பில்: தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

ரை என்ற தானியத்தில் வடிக்கும் உயர்தர ரை விஸ்கியைத் தேர்ந்தெடுப்பது பற்றிய வழிகாட்டி ஒன்று தமிழில் தயாராகிறது. தனியாகப் பருக எது, காக்டெயிலுக்கு எது என்று பிரிக்கிற ஒவ்வொரு பத்தியிலும் 'மாஷ் பில்' குறுக்கே வருகிறது. அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் போட்டால் 'மசியல் மசோதா' என்றாகிவிடும். சட்டமன்றத்தில் தாக்கல் செய்யலாம், குடிக்க முடியாது.

பொருள் இதுதான்: வேகவைக்கும் முன் எந்தத் தானியம் எடையில் எத்தனை பங்கு என்ற கணக்கு. அமெரிக்கச் சட்டப்படி லேபிளில் 'ரை விஸ்கி' என்று போட அந்தக் கணக்கில் ரை குறைந்தது 51 விழுக்காடு இருக்க வேண்டும். 80 விழுக்காடு ஆல்கஹாலுக்கு மேல் வடிக்கக் கூடாது. உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாயில் ஊற்றும்போது 62.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ரை 51ஐத் தொட்டபின் மிச்சத்தை எதால் நிரப்புவது என்பது வடிப்பவர் விருப்பம்.

ரிட்டன்ஹவுஸ் ரையில் 51 ரை, 35 மக்காச்சோளம், 14 முளைகட்டிய பார்லி. இண்டியானா மாநிலத்து லாரன்ஸ்பர்க் ஆலையில் வடிக்கும் புல்லட் ரையில் 95 ரை, 5 முளைகட்டிய பார்லி. முன்னது வெனிலாவும் கருகிய சர்க்கரையுமாக, போர்பனுக்கு (மக்காச்சோளம் மிகுந்த அமெரிக்க விஸ்கி) ஒன்றுவிட்ட தம்பி போல இருக்கும். பின்னது மிளகு, புதினா, சதகுப்பை என்று வறண்டு நாக்கில் நிற்கும். பெயர் என்னவோ இரண்டுக்கும் 'ரை'தான். ஆகவே இந்தச் சொல் துல்லியமாக அமையாவிட்டால் வழிகாட்டியே வீண்.

இப்போதைக்குக் கையில் இருப்பவை: தானியக் கலவை, ஊறல் விகிதம், தானியப் பட்டியல். எது தேறும்?

அன்புடன்
செ.

———

> தானியக் கலவை

இதை முதலில் தள்ளிவிடுங்கள். 'கலப்பு விஸ்கி' என்று வேறொரு சட்ட வகை இருக்கிறது. 'பிளெண்டட் ரை' என்று போட்ட பாட்டிலில் ஸ்ட்ரெய்ட் ரை 51 விழுக்காடு இருந்தால் போதும். மீதி, மணம் குணம் இல்லாத நடுநிலைச் சாராயமாகக்கூட இருக்கலாம். 'தானியக் கலவை 51' என்று வழிகாட்டியில் படித்தவர் கடையில் 'கலப்பு ரை 51' என்பதை எடுத்து வந்தால் பழி நம்மேல்தான். ஸ்ட்ரெய்ட் என்றால் பீப்பாயில் 2 ஆண்டாவது கிடந்திருக்க வேண்டும். 4 ஆண்டுக்குக் குறைவானால் வயதைப் போட்டே ஆக வேண்டும். அதையும் எழுதிவிடுங்கள்.

'பட்டியல்' பரவாயில்லை. ஆனால் பட்டியலில் பெயர்தான் இருக்கும், அளவு இருக்காது.

என் ஓட்டு ஊறலுக்கு. நம்மிடம் வழக்கில் உயிரோடு இருக்கிற ஒரே சொல் அதுதான். செய்தித்தாளில் 'ஊறல் அழிப்பு' என்று வந்தால் விளக்கம் கேட்பார் யாரும் இல்லை.

மு.

———

மு. ஐயா, அழிக்கப்படுகிற சொல்லையே உயர்தர விஸ்கிக்குச் சூட்டுவதா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அது எனக்குப் பெரிதல்ல. படிநிலை பிசகுகிறது என்பதுதான் சிக்கல்.

அரைத்த மக்காச்சோளத்தை முதலில் கொதிநிலையை ஒட்டி வேகவைக்கிறார்கள். சூடு தணிந்தபின் ரை, இன்னும் தணிந்து 65 டிகிரி செல்சியஸ் வாக்கில் முளைகட்டிய பார்லி. முன்னாலேயே போட்டால் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் வெந்து செத்துவிடும். இந்தக் கட்டத்தில் இருப்பது மாஷ், தமிழில் கூழ். பிறகு ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்து நுரைத்துப் பொங்க விடுவதே ஊறல். ரையில் பீட்டா குளுக்கான், அராபினோசைலான் என்ற நார்ச்சத்துகள் மிகுதி. அவை தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கூழைப் பசையாக்கும், குழாயை அடைக்கும். ஊறலிலோ நுரை தொட்டிக்கு மேல் ஏறும். 'கூழ் பசையானது', 'ஊறல் பொங்கியது' என்று இரண்டு கோளாறுகளையும் தனித்தனியே சொல்ல இரண்டு சொல்லும் வேண்டும். ஊறலை மாஷ் பில்லில் செலவழித்துவிட்டால் பின்னால் திண்டாடுவோம்.

என் பரிந்துரை: தானியச் சேர்மானம். சித்த மருந்துக் குறிப்புகளில் 'சேர்மானம்' என்றாலே இன்னின்ன சரக்கு, இன்னின்ன அளவு என்றுதான் பொருள். அளவும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அடுப்பில் ஏற்றுவதற்கு முந்தைய நிலை என்பதும் இருக்கிறது.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: 'இதன் சேர்மானத்தில் ரை 95 விழுக்காடு.' 'ரை மிகுந்த சேர்மானம், மக்காச்சோளம் மிகுந்த சேர்மானம்.' தடங்கல் இல்லை.

த.

———

சேர்மானத்தை ஆதரிக்கிறேன். கனடாவை வைத்துப் பார்த்தால் இன்னும் வலுக்கிறது. அங்கே கனடிய விஸ்கி, கனடிய ரை விஸ்கி, ரை விஸ்கி மூன்றும் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றே. சிறு மரப்பீப்பாயில் 3 ஆண்டு இருக்க வேண்டும். ரை இவ்வளவு இருக்க வேண்டும் என்ற விதி கிடையாது. ஆலைகள் பலவும் ஒவ்வொரு தானியத்தையும் தனியே வடித்து, முதிர வைத்து, பிறகுதான் ஒன்றுசேர்க்கின்றன. அதைச் 'சேர்மானம்' என்று எழுதினால் தப்பு, அதுதான் 'கலப்பு'. அடுப்புக்கு முன் சேர்மானம், வடித்த பின் கலப்பு என்று கோடு கிழித்துவிட்டால் மொழிபெயர்ப்பவர் குழம்ப மாட்டார். ஆல்பர்ட்டா பிரீமியம், லாட் 40 போல முழுக்க ரையில் வடித்தவையும் கனடாவில் உண்டு. கனடிய 'ரை' என்றாலே ரை இல்லாதது என்றும் எழுதிவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: சேர்மானம் மட்டும் தெரிந்தால் பாட்டிலைத் தேர்ந்துவிடலாம் என்ற தொனி வழிகாட்டியில் வரக் கூடாது. ரிட்டன்ஹவுஸுக்கும் பைக்ஸ்வில் என்ற இன்னொரு ரைக்கும் சேர்மானம் ஒன்றே. ஆனால் முன்னது 50 விழுக்காடு மதுசாரம். பின்னது 6 ஆண்டு முதிர்ந்து 55 விழுக்காட்டில் வருகிறது. காக்டெயிலுக்கு ரிட்டன்ஹவுஸே போதும். பைக்ஸ்வில்லைத் தனியாகக் குவளையில் வைத்துப் பார்க்க வேண்டும்: 45 மி.லி. ஊற்றி, குவிந்த வாயுள்ள குவளையில் பத்து நிமிடம் விட்டு, முதலில் அப்படியே ஒரு வாய். மூக்கு எரிந்தால் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக. மொத்தம் 10 மி.லி. சேர்ந்தால் 45 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும், அதற்குமேல் வேண்டாம். ஐஸ் போட்டால் எரிச்சல் அடங்கும், கூடவே மணமும் அடங்கும்.

'சிப்பிங்' என்பதற்கு வரைவில் 'மாந்துதல்' என்று பார்த்தேன். அது வயிறு முட்டக் குடிப்பது, நேர் எதிர். 'மெல்லப் பருகுதல்' போதும்.

நா.

———

சேர்மானம் சரி, ஆனால் அதே வழிகாட்டியில் காக்டெயில் செய்முறைக்கு மேலேயும் 'சேர்மானங்கள்' என்று தலைப்பு இருக்கிறது. வெர்மூத்தும் (மூலிகை சேர்த்த ஒயின்) பிட்டர்ஸும் (கசப்புச் சாறு) அங்கே சேர்மானமா? ஒரு பக்கத்துக்குள் ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் ஆகாது. செய்முறையில் 'தேவையானவை' என்று மாற்றிவிடுங்கள், சமையல் குறிப்பு படிக்கிற எல்லாருக்கும் பழகிய சொல்.

மான்ஹாட்டன் காக்டெயில் பத்தியில் 'வலுவான ரை நல்லது' என்று மட்டும் இருக்கிறது. ஏன் என்று கணக்காகவே காட்டலாமே. ரை 60 மி.லி., இனிப்பு வெர்மூத் 30 மி.லி., அங்கொஸ்தூரா பிட்டர்ஸ் 2 தெறிப்பு. ரை 50 விழுக்காடு என்றால் அதில் 30 மி.லி. ஆல்கஹால், வெர்மூத்திலிருந்து ஏறத்தாழ 5. ஐஸோடு அரை நிமிடம் கிளறும்போது 25 மி.லி. தண்ணீர் சேர்கிறது என்று வைத்தால், 115 மி.லி.யில் 35, அதாவது 30 விழுக்காடு. ரை 40 விழுக்காடு என்றால் 25க்கு இறங்கிவிடும். அப்போது முன்னால் நிற்பது வெர்மூத்தின் இனிப்புதான், ரையின் காரம் பின்னுக்குப் போய்விடும். மிக்டர்ஸ் ரை 42.4 விழுக்காடு, தனியாகப் பருக அருமை, மான்ஹாட்டனில் போடுவது வீண்செலவு என்பேன்.

கெடுகிற இடங்களையும் எழுதுங்கள். குலுக்கினால் காற்றுக் குமிழி ஏறிக் கலங்கும், கிளறத்தான் வேண்டும். உருகத் தொடங்கிய சின்ன ஐஸ் என்றால் குளிர்வதற்குள் நீர்த்துவிடும். எல்லாம் சரியாக இருந்தும் புளித்த உலர்திராட்சை வாடை வந்தால் ரையைத் திட்ட வேண்டாம். திறந்த வெர்மூத்தை வெளியில் வைத்திருப்பார்கள். அது ஒயின்தானே. குளிர்பெட்டியில் வைத்து, ஒன்றிரண்டு மாதத்தில் முடித்துவிட வேண்டும்.

சாசெராக் காக்டெயிலுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. வெர்மூத் கிடையாது, சர்க்கரை, பெய்ஷோ பிட்டர்ஸ், உட்புறம் அப்சிந்த் நனைத்த குவளை, எலுமிச்சைத் தோல் அவ்வளவே. பரிமாறும்போது ஐஸும் இல்லை. ரை ஒளிந்துகொள்ள இடமில்லாததால் 45 விழுக்காடே போதுமானது. சதகுப்பை மணம் தூக்கலான 95 சேர்மானம் அப்சிந்தின் சோம்பு வாடையோடு முட்டும். மக்காச்சோளம் மிகுந்ததைத்தான் நான் சொல்வேன். மறுப்பவர்களும் இருக்கிறார்கள்.

வே.

———

அனைவருக்கும் நன்றி. சொற்தொகுப்பில் இப்படிச் சேர்க்கிறேன்:

தானியச் சேர்மானம் (சுருக்கமாகச் சேர்மானம்): கூழ் காய்ச்சும் முன் ஒவ்வொரு தானியத்துக்கும் உரிய எடைப் பங்கு. வடித்த மதுவை ஒன்றுசேர்ப்பதற்கு இதை ஆளக் கூடாது, அது கலப்பு. மாஷ்: கூழ். ஈஸ்ட் சேர்ந்து நொதிப்பது: ஊறல்.

'ரை'யை அப்படியே வைக்கிறேன். 'புல்லரிசி' என்று தனிமடலில் ஒருவர் எழுதியிருந்தார். அது பஞ்சகாலத்தில் உண்ட புல்விதைக்கு வழங்கிய பெயர். லேபிளில் 'ரை'யைத் தேடுகிறவருக்கு உதவாது.

அடுத்து, லேபிளில் வரும் 'பாட்டில்ட் இன் பாண்ட்'. 1897ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம்: ஒரே ஆலை, ஒரே வடிப்புப் பருவம், அரசுக் கண்காணிப்புக் கிடங்கில் 4 ஆண்டு, சரியாக 50 விழுக்காடு ஆல்கஹால். 'பிணைக் காப்பு' என்று எழுதிப் பார்த்தேன், ஜாமீன் நினைவு வருகிறது. 'கிடங்குமுத்திரை' எப்படி?

செ.