அக்கூஸ்டிக் கிட்டாரில் ஸ்ட்ராப்பின் மறுமுனையை எங்கே மாட்டுவது?

கேள்வி – புதுச்சுருதி
என்னுடையது ஸ்டீல் கம்பி போட்ட அக்கூஸ்டிக். பாடியின் அடியில் ஒரு பின் இருக்கிறது, தோளில் மாட்டும் ஸ்ட்ராப்பின் ஒரு முனை அதில் மாட்டிக்கொள்கிறது. மறுமுனைக்கு எங்கேயும் பட்டன் இல்லை. ஹெட்ஸ்டாக்கில் (ட்யூனிங் கீகள் இருக்கும் தலைப்பாகம்) கட்டுவதா, இல்லை நெக் பக்கம் ஓட்டை போட்டு பட்டன் வைப்பதா? எது பாதுகாப்பு?

பதில் – தந்தி
ஓட்டை போடாமல் இன்றைக்கே வாசிக்க வேண்டுமென்றால் ஹெட்ஸ்டாக்தான். ஸ்ட்ராப்பின் மறுமுனையில் ஒரு கயிறு கோத்து, அதை நட்டுக்கும் (நெக்கின் நுனியில் கம்பிகள் பதிந்து உட்காரும் சிறு பட்டை) முதல் ட்யூனிங் கீக்கும் நடுவில், கம்பிகளுக்கு அடியில் விட்டு எடுத்து, நெக்கின் பின்பக்கம் முடிச்சுப் போடுங்கள். கம்பிக்கு மேலே போனால் கம்பியை அழுத்தி சுருதி கலையும். தடித்த கயிறும் வேண்டாம், கம்பியை அடியிலிருந்து தூக்கிவிடும். தட்டையான ஷூ லேஸ் போதும்.

இதில் இரண்டு குறை. முதல் மூன்று ஃப்ரெட்டில் கார்டு பிடிக்கும்போது ஸ்ட்ராப் இடது கையை உரசும். அதோடு ஸ்ட்ராப்பின் இழுப்பு நெக்கின் நுனியில் விழுவதால், கையின் பாரத்தை கிட்டார் மேல் போட்டால் சுருதி லேசாக அசையும்.

பதில் – உளியும் மரமும்
நின்று வாசிப்பது வழக்கமென்றால் ஹீலில் பட்டன் வைத்துவிடுங்கள். ஹீல் என்பது நெக் பாடியோடு சேரும் இடத்தில் பின்பக்கம் தடித்து இறங்கும் பாகம். அதிலும், வாசிக்கும்போது தரையைப் பார்க்கும் பக்கம், அதாவது மெல்லிய கம்பி இருக்கும் பக்கம் வையுங்கள். ஸ்ட்ராப் ஹீலைச் சுற்றி வந்து கிட்டாரை உடம்போடு அணைத்துப் பிடிக்கும். ஹீலின் பின்முகத்தில் வைத்தால் கிட்டார் முன்னால் கவிழும், பெட்டிக்குள்ளும் சரியாக உட்காராது.

பாடியின் பக்கப் பலகையில் மட்டும் ஸ்க்ரூ ஏற்றவே கூடாது. அது 2 மி.மீ சொச்சம் தடிமன்தான். ஸ்க்ரூவுக்குப் பிடிப்பே இருக்காது, ஒருநாள் பலகையோடு பிய்த்துக்கொண்டு வரும்.

முதலில் சவுண்ட் ஹோலுக்குள் (பாடியின் முன்பக்க வட்ட ஓட்டை) சின்னக் கண்ணாடி விட்டுப் பாருங்கள். நெக் போல்ட் வைத்து முடுக்கியதாக இருந்தால் போல்ட் தலைகள் தெரியும். அவை ஹீலின் நடுவில் எந்த உயரத்தில் நுழைகின்றனவோ அந்த உயரத்தைத் தவிர்த்துவிடுங்கள், டிரில் உள்ளே இரும்பில் முட்டும்.

இடத்தைக் குறித்து மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். 3.5 மி.மீ ஸ்க்ரூவுக்கு 2.5 மி.மீ பிட். முதலில் டிரில்லை ரிவர்ஸில் ஓட்டி பாலிஷை மட்டும் அறுத்துக்கொண்டு, பிறகு முன்னோக்கி ஓட்டுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் பாலிஷ் சில்லுச் சில்லாகப் பெயரும். 25 மி.மீ ஸ்க்ரூ என்றால், பட்டனுக்குள் போனது போக மரத்தில் இறங்குவது ஏறக்குறைய 15 மி.மீ. பிட்டில் அந்த அளவில் டேப் சுற்றிக்கொண்டால் ஆழம் தப்பாது. ஓட்டையின் வாயை மட்டும் 3.5 மி.மீ-க்கு அகலப்படுத்துங்கள். ஸ்க்ரூ மரையில் மெழுகு தடவி, பட்டனுக்கு அடியில் ஃபெல்ட் வாஷர் வைத்து, கையாலேயே முடுக்குங்கள். ஓட்டை சிறிதாகிப்போய் பலவந்தமாக முடுக்கினால் ஹீல் விரியும், இல்லாவிட்டால் ஸ்க்ரூ பாதியில் முறியும்.

கேள்வி – புதுச்சுருதி
நன்றி அண்ணா. போல்ட் இல்லை, பார்த்துவிட்டேன். அடியில் இருக்கும் பின் கொஞ்சம் ஆடுகிறது, அதோடு அதுதான் கேபிள் சொருகும் ஜாக்கும். என்ன செய்யலாம்?

பதில் – தந்தி
ஆடினால் உடனே கவனியுங்கள். ஜாக்கை இறுக்கும் வெளி நட்டை (மரையுள்ள திருகு வளையம்) மட்டும் பிடித்துத் திருகினால் ஜாக் முழுவதும் உள்ளே சுற்றி வயர் அறுந்துவிடும். பல ஜாக்குகளில் வெளி மூடியைக் கழற்றினால் குறுக்கே ஒரு சிறு துளை தெரியும். அதில் மெல்லிய ஆலன் கீயை விட்டு, ஜாக் சுற்றாமல் பிடித்துக்கொண்டு நட்டை முடுக்குங்கள்.

ஜாக்கின் மூடி சாதாரணப் பின்னைவிடப் பருமன், விளிம்பு சிலவற்றில் போதுமான அகலம் இருக்காது. தோல் ஸ்ட்ராப்பின் ஓட்டை விரிந்துபோயிருந்தால் வாசிக்கும்போதே நழுவும். இரண்டு முனையிலும் ஸ்ட்ராப் நழுவாமல் தடுக்கும் ரப்பர் ஸ்ட்ராப் லாக் மாட்டிக்கொள்ளுங்கள்.

பதில் – உளியும் மரமும்
ஒரு சேர்க்கை: கிட்டார் நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ்) பாலிஷ் போட்டதென்றால் வாசித்து முடித்ததும் ஸ்ட்ராப்பையும் ரப்பர் லாக்கையும் கழற்றி வையுங்கள். ரப்பரோ வினைலோ நாள்கணக்கில் ஒட்டிக்கிடந்தால் பாலிஷ் இளகித் தழும்பு விழும்.